விரிசல் கேட்கும் வில்லை

என் முனைவர் பட்ட ஆய்வு ஆறாவது ஆண்டில் நுழைந்தபோது அதைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். முதல் இரண்டு வருடம் "எப்ப முடியும்?" என்றார்கள். அடுத்த இரண்டு வருடம் "இன்னும் முடியலையா?" என்றார்கள். அதற்குப் பிறகு, தீராத வியாதிக்காரன் வீட்டுக்கு வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசுவதுபோல, என்னைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசினார்கள். சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர், பகுதிநேர ஆய்வு மாணவன், வயது முப்பத்தெட்டு, முன்தலையில் முடி கிடையாது. எண்பதுகளின் நடுவில் என் நிலவரம் இதுதான்.

ஆய்வு எதைப் பற்றி என்று கேட்ட உறவினர்களுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வந்த மைக் செட்டில் இசைத்தட்டின் மேல் ஒரு முள் ஓடும். அந்த முள்ளுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு பீங்கான் துண்டு ஒளிந்திருக்கும். முள் நடுங்கினால் அந்தத் துண்டு அழுத்தப்படும். அழுத்தினால் துளி மின்சாரம் தரும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி, புளியமரத்தில் கட்டிய குழாய் வழியாக ஊரையே எழுப்பும். அதே துண்டுக்கு மின்சாரம் கொடுத்தால் பதிலுக்கு அது அசையும். அழுத்தினால் மின்சாரம், மின்சாரம் கொடுத்தால் அசைவு. இவ்வளவுதான். இதற்கு ஆறு வருடமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சிக்கல் என்னவென்றால் பீங்கான் கெட்டி. நிறைய மின்சாரம் தரும், ஆனால் வளையாது, கீழே விழுந்தால் சிதறும். இன்னொரு பக்கம் ஒருவகைப் பிளாஸ்டிக் உண்டு. ஜவ்வுபோல வளையும், ஆனால் தருகிற மின்சாரம் கொஞ்சம். பீங்கானைப் பொடியாக்கிப் பிளாஸ்டிக்கில் கலந்தால் இரண்டின் குணமும் கிடைக்கும் என்று உலகத்தில் சிலர் அப்போது நம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் கடைசி ஆள் நான். என் மனைவிக்கு இதைக் கடலை மிட்டாய் என்று சொல்லிப் புரியவைத்தேன். கடலை பீங்கான், பாகு பிளாஸ்டிக். கடலை அதிகமானால் உதிரும், பாகு அதிகமானால் கடலையின் ருசி வராது. சரியான அளவு எது என்பதுதான் என் ஆய்வு. "மளிகைக் கடைக்காரரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே" என்றாள்.

மனைவியின் அண்ணன் சேந்தமங்கலத்துக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்தார். அப்போது நாமக்கல் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிலக்கடலையை விட்டுக் கோழிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடோ சைவம். என் அம்மா இருக்கும்வரை முட்டை வாசற்படி தாண்டாது. முட்டையில் வளர்ந்த பெண் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதால், மாதத்துக்கு ஒருமுறை அண்ணனைப் பார்க்கவேண்டும் என்ற பாசம் அவளுக்குத் தவறாமல் பொங்கும். நாங்கள் குடியிருந்த அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மூன்று பஸ் மாறிப் போவோம். அவள் ஆம்லெட் சாப்பிடுவாள், நான் தயிர்ச்சோறு சாப்பிடுவேன்.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் பெஞ்சு அவருடையது. எங்கே பார்த்தாலும் முட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். மயிர்க்கோடு விரிசல் அதில் அவ்வளவாகத் தெரியாது, நேரமும் ஆகும். அவர் இரண்டு முட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவார். முழு முட்டை 'டிங்' என்று சுண்டும். விரிசல் விட்டது 'சப்' என்று சொல்லும். 'சப்' தனித் தட்டுக்குப் போகும், 'டிங்' லாரிக்குப் போகும். சோழி உருட்டுவதுபோல ஒரு வேகம்.

ஆனால் நான் போன அந்த மாதம் மச்சான் முகம் சரியில்லை. கேரளத்துக்குப் போன மூன்று லோடும் புகாரோடு திரும்பியிருந்தன. விரிசல் முட்டை ஒன்று வழியில் ஒழுகினால் அடித்தட்டு வரைக்கும் பாழ். நாற்றம் லாரியோடு பயணம் செய்யும்.

"ஏனுங்க மாப்ளே, நல்ல பொம்பளைதான். கைசுத்தம், வாய்சுத்தம். ஆனா வேலையில மனசில்லீங்க. ஆளெ மாத்தோணும்."

மனசில்லை என்பதை நான் நம்பவில்லை. அன்று சாயந்திரம் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன். வகுப்பில் எனக்கு இது பழக்கம் என்பதால் வருத்தப்படவில்லை. பிறகு மச்சானின் லாரி பத்தடி தூரத்தில் ஹாரன் அடித்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. நான் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றதும் திடுக்கிட்டார்.

"எத்தனை நாளா கேக்கலைங்க?" என்றேன்.

அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பள்ளிபாளையத்துல பதினஞ்சு வருசம் தறி ஓட்டுனேனுங்க. தறிச் சத்தம் தின்னுருச்சு. மூஞ்சிக்கு நேரா பேசுனா கேக்குது. இந்த டிங்குதான் ஒரு வருசமா கொஞ்சங் கொஞ்சமா போயிருச்சு. பெரியவருகிட்ட சொல்லீராதீங்க சாமி."

"இந்த வேலை போனா?"

"மறுபடி தறிக்குத்தான் போவோணும். அங்க போனா மிச்சம் இருக்கறதும் போயிரும்."

மச்சானிடம் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, என் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் கொடுக்காத ஒரு வாக்குறுதியைக் கொடுத்தேன்.

"ஒரு மாசம் பொறுங்க மச்சான். விரிசல் கண்டுபிடிக்க ஒரு மிஷின் பண்ணித் தர்றேன். அதுவரைக்கும் அந்தம்மா இருக்கட்டும்."

"ஆறு வருசமா பண்ணாததெ ஒரு மாசத்துலீங்களா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் சந்தேகம் கேட்பதுபோலச் சொன்னார். பிறகு, தங்கை புருசன் என்ற தோஷத்துக்காக, "சரிங்க, அடுத்த மாசக் கடைசி லோடு வரைக்கும். அதுலயும் பொகார் வந்துச்சுன்னா நாம் பாத்துக்கறேன்" என்றார்.

முட்டைக்குப் பீங்கான் ஆகாது. முட்டையை உடைக்கும், அல்லது தானே உடையும். வெறும் பிளாஸ்டிக் அந்தச் சின்னத் தட்டலுக்கு வாய் திறக்காது. என் கடலை மிட்டாய்க்கு உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு வருடத்தில் அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட.

கலவையைச் சூட்டில் அழுத்தித் தகடாக்கவேண்டும். கல்லூரியில் அதற்கு இயந்திரம் இல்லை. ஆனால் நாமக்கல் ரோட்டில் லாரி டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுகிற பட்டறைகளுக்கு என்ன குறை? சூடும் உண்டு, அழுத்தமும் உண்டு. பொடி டப்பாவும் இரண்டு இரும்புத் தகடுமாக ஒரு பட்டறையில் போய் நின்றேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இது எந்த வண்டிக்குங்க சார்?"

"வண்டிக்கில்லைங்க. முட்டைக்கு."

அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏய், சாருக்கு முட்டை பஞ்சராமா, சித்த அந்தச் சின்ன பிரஸ்ஸெ ஒழிச்சுக் குடு" என்றார். முதல் தகடு டயர் வாசனையோடு கருகி வந்தது. இரண்டாவது உதிர்ந்தது. மூன்றாவதை அவரே சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி எடுத்துக்கொடுத்தார். தபால்தலை அளவில் மூன்று வில்லைகள் அதிலிருந்து வெட்டினோம். அவர் வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தகடு வந்துவிட்டால் போதாது. அதற்குள் இருக்கும் பீங்கான் பொடி ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து நிற்கும், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் என் மாணவர்கள் நிற்பதுபோல. சூடான எண்ணெயில் முக்கி, உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து, அப்படியே ஆறவிட்டால்தான் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பும். வகுப்பில் நான் ஒருநாளும் சாதிக்காததை எண்ணெய்ச் சட்டியில் சாதிக்கவேண்டும். அதற்கென்று இருக்கும் எண்ணெய்க்குக் கல்லூரி வழியாக எழுதிப்போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆகையால் விளக்கெண்ணெய். மின்சாரத்தைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு; எங்கள் ஜில்லாவில் அதற்குப் பஞ்சமும் இல்லை. துறைத்தலைவர் ஆய்வகத்துக்குள் எட்டிப்பார்த்து, மூக்கைச் சுருக்கி, "வயிறு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு போடுங்களேன்" என்றார்.

வில்லை தயார். இனி பரிசோதனை. முட்டை வீட்டுக்குள் வராது. துறைத்தலைவரும் சைவம் என்பதால் ஆய்வகத்துக்குள்ளும் வராது. நான் யோசித்துப் பார்த்தேன். தட்டிப் பார்த்தால் விரிசல் தெரிகிற, ஓடு மாதிரி மெல்லிய, எங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லாத பொருள் எது? கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகள் ஒரு கூடை பரணில் இருந்தன. நல்லதும் விரிசலுமாக இருபது பொறுக்கினேன். வில்லையின் மேல் வைத்துத் தட்டினால் மீட்டரின் முள் நல்லதற்கு ஒரு அளவு காட்டியது, விரிசலுக்குப் பாதி காட்டியது. இருபதுக்கு இருபதும் சரி.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "அகலுக்கு நல்ல மிஷின்தான். ஆனா எங்கண்ணன் அகல் விக்கறதில்லீங்களே."

அறிவியலின் பொதுத்தன்மை பற்றி அவளுக்கு ஐந்து நிமிடம் சொன்னேன். அவள் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை பெஞ்சின் மேல் வில்லையையும் மீட்டரையும் வைத்தேன். மச்சான் வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூண்டிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டைகள் கூடையில் வந்தன. அந்த அம்மா முதல் முட்டையை வில்லையின் மேல் வைத்தார், தட்டுவதற்கு முன்னாலேயே முள் நகரத் தொடங்கியது. நகர்ந்துகொண்டே போய் ஓரத்தில் முட்டி நின்றது. இரண்டாவது முட்டைக்கும் அதேதான். பத்தாவது முட்டைக்கும் அதேதான்.

"மாப்ளே, உங்க மிசின் என்னமோ சொல்லுதே. பண்ணை முழுக்கவே ஓட்டைன்னு சொல்லுதுங்களா?"

எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் அவமானம். இந்த வகைப் பொருள்கள் அழுத்தத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் மின்சாரம் தரும். இது என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். கோழியின் அடிவயிற்றிலிருந்து வந்த முட்டை வெதுவெதுப்பாக இருக்கும் என்பது மட்டும் எந்த அத்தியாயத்திலும் இல்லை, ஏனென்றால் முட்டையைக் கையால் தொட்டே எனக்குப் பழக்கம் கிடையாது. கார்த்திகை முடிந்து பரணில் கிடந்த அகலுக்கு ஏது சூடு?

மச்சான் எழுந்து போய்விட்டார். நான் ஒயர்களைக் கழற்றத் தொடங்கினேன். மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள். அந்த அம்மா கழற்றவிடவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் முட்டையை வைப்பதும் தட்டுவதும் முள்ளைப் பார்ப்பதுமாக இருந்திருக்கிறார்.

"வாத்தியாருங்க, சித்த இதெப் பாருங்க. சூட்டுக்கு ஊர்ந்து ஊர்ந்து போவுது. தட்டுனா துள்ளுது. ஊர்றது வேற, துள்றது வேறைங்களே."

பார்த்தேன். ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்த முள், அவர் தட்டும்போதெல்லாம் ஒரு நொடி துள்ளித் திரும்பியது. நான் அகல் விளக்கில் இருபதுக்கு இருபது வாங்கிய மனிதன், இதைப் பார்க்கவில்லை.

"துள்றது மட்டும் தனியா எனக்கு வந்தாப் போதும்ங்க. அதும் முள்ளா வேண்டாம். முள்ளெப் பாத்தா முட்டையெப் பாக்க முடியல. கைக்கு வாராப்பல பண்ண முடியாதுங்களா?"

"கைக்கா?"

"தறியில காதெ வெச்சா பொழச்சோம்? அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும். சட்டத்து மேல கையெ வெச்சா நூல் அறுந்தது, குறுக்க ஓடற நாடா தட்டுனது, எல்லாந் தெரியும். எட்டுத் தறியிருந்தாலும் எது நோவுதுன்னு கை சொல்லீரும்."

மின்சாரம் கொடுத்தால் அசையும். ஆய்வேட்டின் முதல் பக்கம், இரண்டாவது வரி. அந்த இரண்டாவது பாதியை நான் ஆறு வருடமாக முன்னுரைக்கு மட்டும் வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. சூட்டில் ஊர்வதைத் தள்ளிவிட்டு, தட்டலில் துள்ளுவதை மட்டும் பெரிதாக்குகிற பெட்டி ஒன்று அந்த ஊரிலேயே இருந்தது. மைக் செட் ஆம்ப்ளிஃபயர். மெதுவாக நகர்வது எதுவும் அதன் காதில் ஏறாது. அதனால்தான் அரசியல் கூட்டங்களுக்கு அது பொருத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன். மைக் செட்காரர் முகூர்த்தமில்லாத நாளில் ஒரு பழைய பெட்டியையும் லாரி பேட்டரியையும் கொடுத்தார். வில்லையின் ஒயரை மைக் செருகும் இடத்தில் செருகினேன். ஒலிக்குழாய்க்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, பித்தளைத் தகட்டில் ஒட்டிய ஒரு மெல்லிய பீங்கான் வட்டத்தில் கொடுத்தேன். அது உள்ளங்கைக்குள் அடங்கும். ஷாக் அடிக்காமலிருக்க மேலே ரப்பர் உறை. உறையை டயர் பட்டறைக்காரர் போட்டுத்தந்தார். "இது முட்டைக்கா, கோழிக்காங்க?" என்று கேட்டார். மனுசிக்கு என்றேன்.

மறு ஞாயிறு. இந்த முறை மச்சான் நாற்காலி போடவில்லை. வேறு வேலையாகப் போகிறவர்போலத் தூணோரம் நின்றார். அந்த அம்மா இடது உள்ளங்கையை வட்டத்தின் மேல் வைத்தார். வலது கையால் ஒரு முட்டையை எடுத்து, வில்லையில் இருந்த முட்டையின் மேல் லேசாகத் தட்டினார். உள்ளங்கையைச் சற்று நகர்த்தி வைத்தார். இன்னொரு தரம் தட்டினார். நான் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாவது தட்டலில் அவர் தோள் இறங்கியது. வெகுநாளாக எதையோ தூக்கிக்கொண்டிருந்தவர் கீழே வைத்ததுபோல.

"சுண்டுது" என்றார். "டிங்குங்குது, கையில."

ஒரு தட்டு முப்பது முட்டை. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இரண்டை மட்டும் தனியே வைத்தார். மச்சான் தூணை விட்டு வந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்லாத்தான இருக்குது அம்மிணி?"

"இல்லீங்க. சப்புங்குது."

அவர் செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி முட்டையை வெயிலுக்குக் காட்டினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் குழாயைக் கொடுத்தார். ஓட்டின் மேல் முனையில் தலைமயிர் அளவில் ஒரு கோடு, அரை விரல் நீளம். நான் ஒரு முட்டையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசி லோடை அந்த அம்மா ஒருவரே முழுக்கத் தட்டினார். லாரி கேரளத்துக்குப் போனது. அந்த நான்கு நாளும் நான் கல்லூரியில் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மாணவர்களுக்கு எப்போதும்போல ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் நானும் மனைவியும் பண்ணைக்குப் போய்விட்டோம். லாரி பதினோரு மணிக்கு வந்தது. டிரைவர் இறங்கி, முகம் கழுவி, டீ குடித்து, பீடி பற்றவைத்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார். அந்த அம்மா பெஞ்சை விட்டு எழுந்து அவர் வாய்க்கு நேராக வந்து நின்றிருந்தார்.

"ஒரு பொகாரும் இல்லீங்க. வியாவாரி ஒண்ணுதாங் கேட்டாரு. பழைய ஆளெ மாத்தீட்டீங்களான்னு."

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆமாம், மாத்தியாச்சுன்னு சொல்லீரு."

அவர் முகம் அந்த அம்மாவுக்கு நேராகத்தான் இருந்தது. அந்த அம்மா முகம் வெளுத்தது. மச்சான் அதைக் கவனித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக உதடு பிரித்துச் சொன்னார்.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் அம்மிணி. பெஞ்சு உன்றதுதான். காது போச்சுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானென்ன கடிச்சா தின்னுருவேன்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?" என்றேன்.

"கைக்குக் குடுக்கற மிசின் பண்றீங்க. காது கேக்கறவளுக்கு எதுக்குங்க அது? நான் கோழி வளக்கறவன்தான், கோழியில்லீங்களே மாப்ளே."

அந்த வில்லை மூன்று மாதம் உழைத்தது. பிறகு ஓரம் நைந்து, டிங்கும் சப்பும் ஒன்றாகத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் அந்த அம்மா அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் அம்மா அவருக்கு இலை போட்டுச் சோறு போட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அம்மா கேட்டபோது, நான் தலையிடுவதற்குள், "சாமான் தட்டிப் பாத்துப் பிரிக்கற வேலைங்க" என்று அவரே சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டார்.

நான் வேறு வேறு அளவில் கலந்த ஐந்து வில்லைகளை மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் நான் வீட்டில் வைத்திருந்த இன்னொரு பழைய ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, அகல் விளக்கால் தட்டி, கையை வைத்துப் பார்த்தார். ஐந்தில் மூன்றைத் தள்ளிவிட்டார். இரண்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது மெத்துனு இருக்குது, ஆனா சோம்பேறி. அது சுறுசுறுப்பு, ஆனா நாளைக்கு உதுந்துரும். ரெண்டுக்கும் நடுவுல, கடலையெ கொஞ்சம் தூக்கிப் போடுங்க வாத்தியாருங்க."

கடலை மிட்டாய் விளக்கத்தை என் மனைவி அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவை செய்தேன். அளந்து பார்த்தேன். திரும்பவும் அளந்து பார்த்தேன். ஆறு வருடமாக என் வரைபடத்தில் ஏறாமல் அடம்பிடித்த கோடு அந்த இடத்தில் உச்சிக்குப் போய் நின்றது. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அந்த அளவு இருக்கிறது. எப்படிக் கண்டறியப்பட்டது என்ற இடத்தில், 'தொடு உணர்வின் அடிப்படையிலான தேர்வு' என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அந்த வரியில் விரலை வைத்து, யாருடைய தொடு உணர்வு என்று கேட்டார்.

சொன்னேன். தறியிலிருந்து தொடங்கி முட்டை வரைக்கும் முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த அம்மா இப்போதும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறாரா?

இருக்கிறார் என்றேன். முந்தின நாள்தான் ஆறாவது வில்லையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.